புதுப்பிப்பு: லினக்ஸ் நிறுவும்போது வந்த கறுப்புத் திரை சரியாகிவிட்டது

இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில், பூட் மெனுவைத் தாண்டியதும் திரை இருண்டுவிடுகிறது என்று எழுதியிருந்தேன். இப்போது அது நன்றாக ஓடுகிறது.

கிரப் மெனுவில் (அதுதான் அந்த பூட் மெனு) 'ஈ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்து, எஃப்10 தட்டினேன். கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, திரை அமைப்பைத் தானே மாற்றாமல் இருக்கச் சொல்லும் சொல் அது. மங்கலான பெரிய எழுத்துகளோடு திரை வந்தது, நிறுவலும் முடிந்தது. அந்தச் சொல் அந்த ஒருமுறை பூட் ஆவதற்கு மட்டும்தான். அதனால் மறுபடி ஒருமுறை அதே வழியில் நுழைந்து, தனி கிராபிக்ஸ் சிப்புக்கான டிரைவரைப் போட்டேன்.

ரீபூட் செய்தால் திரும்பவும் இருட்டு! கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் உரைத் திரை வந்தது. அப்போதுதான் மூச்சே வந்தது; கணினி உயிரோடுதான் இருக்கிறது. காரணம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் ஏற்ற விடும் பாதுகாப்பு வசதி. டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதியச் சொல்லி ரீபூட்டின்போது ஒரு நீலத் திரை வந்திருந்தது. நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சாவி பதியாததால் கெர்னல் அந்த டிரைவரை ஏற்றவில்லை. இந்தச் சாவிகளைக் கையாளும் 'மோக்யூட்டில்' (mokutil) என்ற கட்டளையால் மீண்டும் கேட்க வைத்து, இந்த முறை பதிந்தேன்.

இதற்கு முன் மூன்று முறை புதிதாக நிறுவிப் பார்த்ததெல்லாம் வீண் வேலை. சஸ்பெண்டிலிருந்து (உறக்க நிலையிலிருந்து) எழும்போது மட்டும் திரை ஒரு நொடி மினுங்குகிறது, அதை அப்புறம் பார்க்கலாம்.