மீட்டர் சிவக்கவில்லை, ஆனால் தவில் கரகரக்கிறது: பிழை எங்கே?

உவர்மலை_வாசி

உப்புவெளியில் ஒரு மண்டபத்தில் நடந்த நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவுசெய்தோம். நாதஸ்வரத்துக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று என இரண்டு ஒலிவாங்கிகளும் மண்டபத்து ஒலிபெருக்கிக்காரருடைய மிக்சருக்குச் சென்றன. அவர் இடப்பக்க வெளியீட்டில் நாதஸ்வரத்தையும் வலப்பக்க வெளியீட்டில் தவிலையும் ஒதுக்கித் தர, அவை எங்கள் ஓடியோ இன்டர்பேஸ் (ஒலிக்குறிகையை எண்களாக மாற்றும் கருவி) வழியாக மடிக்கணினியில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் கோப்பாகப் பதிவாயின. மென்பொருளின் மீட்டர் ஒருபோதும் −8 டெசிபெலைத் தாண்டவில்லை; சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து கேட்டால், தவில் உரத்து விழும் இடங்களிலெல்லாம் துணி கிழிவதுபோல ஒரு கரகரப்பு. மீட்டர் சரியென்று காட்டும்போது இந்தச் சிதைவு எங்கிருந்து வருகிறது?

கடலோரச்_செவி

மடிக்கணினியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அளவு டிஜிட்டலின் உச்ச எல்லையான 0 டெசிபெலுக்குக் கீழே இருந்திருக்கிறது என்றால் கிளிப்பிங், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுதல், என்ற பேச்சுக்கே இடமில்லை. பலர் பஃபரை, அதாவது கணினி ஒரு தவணையில் கையாளும் ஒலித்துண்டின் நீளத்தை, 64 மாதிரிகளில் (ஒலியை அளந்த எண்களில்) வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். 48 கிலோஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 1.3 மில்லிசெக்கன், அந்த இடைவெளிக்குள் கணினி வேறு வேலையில் மாட்டிக்கொண்டால், வந்த ஒலியின் ஒரு துண்டு தொலைந்து, அந்த இடத்தில் வெடிப்புச் சத்தம் கேட்கும். 512 ஆக உயர்த்தினால் 10.7 மில்லிசெக்கன் கிடைக்கும். கச்சேரியைப் பதிவுமட்டும் செய்கிறவருக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. வைஃபையையும் மின்சேமிப்பு முறையையும் நிறுத்திவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

மின்கம்பி

பஃபர் பற்றிய விளக்கம் சரி, அதற்கு முந்திய வாக்கியம் தவறு. மென்பொருளின் மீட்டர் தன்னிடம் வந்து சேர்ந்த எண்களை மட்டுமே அளக்கிறது. அந்த மின்குறிகை வழியில் எங்கே நசுங்கியது என்பது அதற்குத் தெரியாது. மிக்சரில் ஒவ்வொரு சனலின் தலைப்பிலும் ஒலிவாங்கியின் குறிகையைப் பெருக்கும் ஒரு கெயின் குமிழ் இருக்கிறது. தவில் சனலின் கெயின் மிகையாக இருந்தால், அந்த முன்பெருக்கியிலேயே அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். பிறகு மண்டபத்தில் சத்தம் கூடிவிட்டதென்று ஒலிபெருக்கிக்காரர், வெளியே போகும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கீழேயுள்ள பேடரை இறக்கியிருப்பார். வெட்டுப்பட்ட அலை வெட்டுப்பட்ட வடிவத்தோடே சிறிதாகி, உங்களிடம் −8 என்று வந்து நிற்கும்.

உவர்மலை_வாசி அவர்களே, கோப்பைத் திறந்து, கரகரப்பு உள்ள ஓர் அடியை அலைவடிவத்தில் நன்றாகப் பெருப்பித்துப் பாருங்கள். உச்சி மேசைபோலத் தட்டையாக இருக்கிறதா, அல்லது கோடு திடீரென அறுந்து வேறோர் உயரத்துக்குத் தாவுகிறதா? தட்டையென்றால் என் பக்கம், அறுந்திருந்தால் கடலோரச்_செவியின் பக்கம்.

நாடாக்காலம்

இடையில் ஒரு வார்த்தை. கடற்கரையோரத்தில் வாழ்கிறோம் என்பதை ஒருவரும் நினைக்கவில்லையே. திருகோணமலையில் உப்புக்காற்று எந்தச் செருகியைத்தான் விட்டுவைக்கிறது? ஒலிவாங்கிக் கம்பியின் கறுத்துப்போன எக்ஸ்எல்ஆர் முனைகளைத் துடைத்துவிட்டுப் பேசுங்கள்.

மின்கம்பி

தொடுகை கெட்ட செருகி, கம்பியை அசைக்கும்போது கரகரக்கும். தவிற்காரர் ஓங்கி அடிக்கும்போது மட்டும் பார்த்துக் கரகரக்காது. ஆயினும் துடைத்து வைப்பதில் நட்டமில்லை.

உவர்மலை_வாசி

பார்த்தேன். இருவருக்கும் சாதகமாக இருப்பதால் எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. தவில் தடத்தில் ஓங்கிய அடிகள் எல்லாம் ஒரே மட்டத்தில், ஏறத்தாழ −8.2 டெசிபெலில், மேலும் கீழும் தட்டையாக நிற்கின்றன. ஆனால் ஆலாபனையில் தவில் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் இரண்டொரு இடங்களில் 'டிக்' என்ற சத்தம் இருக்கிறது. அங்கே கோடு அறுந்து தாவுகிறது. அதுவும் இரண்டு தடங்களிலும் ஒரே கணத்தில்.

கடலோரச்_செவி

இதைத்தான் நான் சொன்னேன். நாதஸ்வரமும் தவிலும் தனித்தனி ஒலிவாங்கியில், தனித்தனிச் சனலில் வந்தவை. இரண்டும் ஒரே கணத்தில் அறுகின்றன என்றால், அவை ஒன்றாகச் சேர்ந்து பயணிக்கும் இடத்தில், அதாவது இன்டர்பேஸுக்கும் வன்தட்டுக்கும் இடையில்தான் கோளாறு. 'டிக்' சீரான இடைவெளியில் வந்திருந்தால் கருவிகள் மாதிரி எடுக்கும் வேகத்தை வகுக்கும் உட்கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகித்திருப்பேன்; தாறுமாறாக வருவதால் பஃபர்தான்.

மின்கம்பி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது வேறொரு பிழை. கேள்வி தவிலின் கரகரப்பைப் பற்றியது. மனிதர் கையால் அடிக்கும் அடிகள் எல்லாம் ஒரே −8.2-இல் முடிவது இயற்கையில் நடக்காது. ஏதோ ஒரு மின்சுற்று தன் எல்லையை எட்டி அதற்குமேல் போக மறுத்திருக்கிறது. பஃபரை 512 அல்ல, 2048 ஆக்கினாலும் அந்தத் தட்டை உச்சி அங்கேயே இருக்கும்.

கடலோரச்_செவி

ஒலிவாங்கியே நசுங்கியிருக்கலாம் அல்லவா? மிக்சர்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

மின்கம்பி

தவிலுக்கு வைத்தது எந்த வகை ஒலிவாங்கி என்பதைப் பொறுத்தது அது. சுருள் இயங்கும் டைனமிக் வகையென்றால் அதை நசுக்குவது மிகக் கடினம். 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் என்றால் அதன் உள்ளே இருக்கும் சிறு மின்சுற்று நசுங்க வாய்ப்புண்டு. அதற்காகத்தான் பலவற்றில் 10 அல்லது 20 டெசிபெல் குறைக்கும் 'பேட்' ஆளியைப் பொருத்தியிருக்கிறார்கள்.

உவர்மலை_வாசி

பாடகர்கள் கையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் ஒலிவாங்கிதான். ஒலிபெருக்கிக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். தவில் சனலில், அளவு எல்லையை நெருங்குவதை எச்சரிக்கும் பீக் விளக்கு அடிக்கடி மின்னியதாகவும், "மண்டபத்தில் நல்லாத்தானே கேட்டது" என்றும் சொன்னார்.

தவிற்பக்கம்

நான் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் பொய்யில்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், கூடு (விரலில் மாட்டும் கடினமான உறை) போட்ட விரல்கள் விழும் ஓசை மண்டபத்தில் நேரடியாகவே காதை அடைகிறது. ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் சிதைவை அது மூடிவிடும். பதிவில் அந்த நேரடி ஓசை இல்லாததால் குற்றம் வெளியே தெரிகிறது. ஒலிவாங்கியைத் தோலுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்தால் எந்தக் குமிழும் தாங்காது. இரண்டடி தள்ளி வையுங்கள். இடப்பக்கமான தொப்பியில் விழும் கம்பின் ஓசையும் அப்போதுதான் சேர்ந்து வரும்.

நாடாக்காலம்

தள்ளி வைத்து, கெயினையும் குறைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். நாங்கள் நாடாவில் பதிந்த காலத்தில் ஊசி சிவப்பைத் தொடும்வரை ஏற்றித்தான் பதிந்தோம். குறைவாகப் பதிவது சோம்பேறித்தனம்.

மின்கம்பி

நாடாவுக்கு அது சரியான வழிதான், ஏனென்றால் நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சலுக்கு மேலே இசை நிற்க வேண்டியிருந்தது. அளவு மிஞ்சினாலும் நாடா படிப்படியாகவே நசுங்கும். டிஜிட்டலில் 0-வுக்கு மேலே எண்ணே கிடையாது, ஒரேயடியாக வெட்டிவிடும். ஒரு பிட் ஏறத்தாழ 6 டெசிபெல். 16 பிட்டின் வீச்சு சுமார் 96 டெசிபெல், 24 பிட்டின் வீச்சு கோட்பாட்டளவில் சுமார் 144. 12 டெசிபெல் இடம் விட்டுப் பதிந்தால் இழப்பது இரண்டே பிட்டுகள். மின்விசிறி சுற்றும் மண்டபத்தின் இரைச்சல் அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

உவர்மலை_வாசி

இந்தக் கோப்பைக் காப்பாற்ற வழி உண்டா?

மின்கம்பி

ஓரளவு உண்டு. தவில் தடத்தை மட்டும் பிரித்தெடுத்து, கிளிப்பை நீக்கும் செயலியின் வரம்பை −8.2-க்குச் சற்றுக் கீழே வையுங்கள். அது வெட்டுப்பட்ட உச்சிகளை அக்கம்பக்கத்து வளைவைக் கொண்டு ஊகித்து நிரப்பும். உச்சி உயர்வதற்கு உங்கள் கோப்பில் 8 டெசிபெல் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 'டிக்' உள்ள இடங்களைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம்.

தவிற்பக்கம்

ஊகித்து நிரப்பிய அடியில் கூட்டின் கூர்மை போய்விடும். ஓரிரு அடிகள் என்றால் பரவாயில்லை. தனித்தவில் முழுக்க அப்படியென்றால் வாசித்தவருக்கு அநியாயம். அந்தப் பகுதியை வெளியிடாதீர்கள். கலைஞர்கள் இசைந்தால் அதைமட்டும் திரும்பப் பதியுங்கள்.

கடலோரச்_செவி

அப்படிப் பதியும்போது சனலின், பேடருக்கு முந்திய நேரடி வெளியீட்டிலிருந்து எடுத்தால் பேடரின் தொல்லை இராது.

மின்கம்பி

நேரடி வெளியீடும் அதே முன்பெருக்கியைத் தாண்டித்தான் வருகிறது; அங்கே வெட்டுப்பட்டால் அதுவும் வெட்டுப்பட்டே வரும். ஒலிவாங்கிக்கும் மிக்சருக்கும் நடுவில் ஒரு பிரிப்பானை வைத்து, ஒரு கம்பியை மண்டபத்துக்கும் மற்றதை உங்கள் இன்டர்பேஸுக்கும் கொடுங்கள். அவர் தன் கெயினை எவ்வளவு ஏற்றினாலும் உங்கள் பதிவுக்குப் பாதிப்பில்லை. பஃபரை 512-இல் வைத்துவிட்டு, தொடங்குமுன் தவிற்காரரை ஓங்கி அடிக்கச் சொல்லி, உச்சி −12-ஐத் தொடும்படி கெயினை வையுங்கள்.

தவிற்பக்கம்

சோதனைக்கு அடிக்கச் சொன்னால் நாங்கள் யாரும் ஓங்கி அடிப்பதில்லை. கச்சேரியில் கை சூடேறிய பிறகு வருவது அதைவிடப் பெரிது. −18 வையுங்கள்.