இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆய்வுக்கு வரும் கம்பஸ் பிள்ளைகள்: எங்கே வழுக்குகிறது? (மலையகத்து மூன்று ஊர்க்காரர் சொல்வது)

பொகவந்தலாவைப் பக்கம்:
"அடையாளமும் நவீனமும்" என்று இறுதி வருஷத் தலைப்பு எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் முதல் கேள்வியிலேயே வழுக்குவார்கள். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) போய் "உங்கட அடையாளம் என்ன?" என்று கேட்டால் ஐடென்டி கார்டைத்தான் எடுத்து வருவார்கள். 'பாரம்பரியம்' என்று கேட்டால் பொங்கல் விழா மேடைப் பேச்சு கிடைக்கும். பிறப்புப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே வீட்டில் அக்கா 'இந்தியத் தமிழர்', தம்பி 'இலங்கைத் தமிழர்' என்று பதிவாகியிருப்பது இங்கே புதினமில்லை. யார் பதியப் போனது, என்ன சொல்லிப் பதிந்தது, ஏன் மாற்றியது என்று கேளுங்கள். பிறகு 'மலையகத் தமிழர்' என்ற சொல்லை யாரிடம் சொல்கிறார்கள், யாரிடம் சொல்வதில்லை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஹட்டன்:
அதோடு ஒன்று சேர்க்கிறேன். குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் 1971இல் 11.7 லட்சம், 1981இல் 8.2 லட்சம், 2012இல் 8.4 லட்சம். இதைப் பார்த்து 'சமூகம் கரைகிறது' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். இரண்டு காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். 1964 இலங்கை-இந்திய (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். கப்பலேறியவர்கள் ஒரு கணக்கு. இங்கேயே இருந்து இனத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பதிந்தவர்கள் வேறு கணக்கு.

கந்தப்பளை:
'நவீனம்' பற்றி. ஸ்மார்ட் ஃபோனும் கொழும்பு வேலையும் வந்த பிறகுதான் நவீனம் வந்தது என்று எழுதுகிறவர்கள் தோட்டத்தையே பார்க்கவில்லை. விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பு), செக்ரோல் (வரவுப் பதிவேடு), கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு, கிலோ குறைந்தால் 'அரைப்பேர்' (அரை நாள் கணக்கு) என்று மனிதரை நேரத்தாலும் நிறையாலும் அளக்கிற ஏற்பாடு இது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867இல். கோப்பித் தோட்டங்கள் அதற்கும் முந்தியவை. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தும் அந்த மணிக்கணக்குக்கு நடுவேதான் ஆடப்பட்டு வந்தது. கூத்தைப் 'பழமை' அத்தியாயத்திலும் செக்ரோலை 'நவீனம்' அத்தியாயத்திலும் போட்டால் கட்டுரை இரண்டாக உடைந்துவிடும். இன்னொன்று: இங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. "எத்தனை பேர்?" என்று கேட்டால் ஆள் தொகை வராது, மாதத்து வேலை நாள் வரும்!

பொகவந்தலாவைப் பக்கம்:
சரியாகச் சொன்னீங்க. சாதியை நேரே கேட்கவும் வேண்டாம். கோயில் திருவிழாவில் எந்த நாள் உபயம் யாருடையது என்று கேட்டாலே ஓரளவு விளங்கும். லயத்துச் சுவர் மெல்லிசு, பக்கத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) எல்லாம் கேட்கும். அந்தரங்கமான பேச்சை அங்கே வைக்காதீர்கள்.

ஹட்டன்:
தொரையிடம் (தோட்ட மேலாளரிடம்) மட்டும் அனுமதி வாங்கி அவர் ஆளோடு போனால் பதிலெல்லாம் தொரைக்குப் பிடித்த மாதிரியே வரும். தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத் தலைவர்), கோயில் கமிட்டி இரண்டிடமும் தனியாகச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்கச் சிலர் தயங்குவார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகி, வருஷக்கணக்காகக் காகிதத்தோடு அலைந்த சனம், வற்புறுத்தக்கூடாது. வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவில் எடுக்க, கிளம்பும் முன்பே கம்பஸில் உங்கள் ஆய்வு மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் திரும்பிச் சமைத்து முடிக்கும் வரை கதவைத் தட்டாதீர்கள். ஞாயிறு பின்னேரம் நல்லது. ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் வந்தால் தகரக் கூரை மழையில் பதிவில் ஒரு சொல்லும் மிஞ்சாது. சட்டையில் குத்துகிற சின்ன மைக் கொண்டுவாருங்கள், அன்று ராவே எழுதிவையுங்கள்.