ஓரத்துல "வைரஸ் இருக்கு"ன்னு வந்துட்டே இருக்கு, ஃபார்மேட் போடணுமா?

தண்டையார்பேட்டை_டெய்லர்:
வீட்ல விண்டோஸ் 10 டெஸ்க்டாப். பையன் ப்ளஸ் டூ கொஸ்டின் பேப்பர் எடுக்க ஏதோ ஒரு சைட்டுக்குப் போனான். அன்னிலேர்ந்து வலது கீழ் மூலைல "ஆன்டிவைரஸ் முடிஞ்சிடுச்சு, உடனே புதுப்பிக்கவும்"னு சிவப்புல வந்துட்டே கீது. தெருமுனைக் கடைல ஃபார்மேட் போட 1,500 கேக்குறாங்க. கஸ்டமர் அளவு, பாக்கிக் கணக்கு எல்லாம் அதுலதான். குடுக்கலாமா?

ராயபுரம்_ரவுட்டர்:
நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு காசு குடுத்து வாங்கிப் போடுங்க சார். ஃப்ரீயா வர்றத நம்பாதீங்க.

மின்ட்_சர்வீஸ்:
அண்ணே, காச எடுக்காதீங்க. நமக்கு வண்ணாரப்பேட்டைல சிஸ்டம் சர்வீஸ்தான். பரீட்சை சீசன்ல இந்தக் கேஸ் நெறைய வரும், பாதிக்கு மேல வைரஸே கெடையாது. "ரோபோ இல்லன்னா அலவ் அழுத்து"ன்னு அந்த சைட் கேட்டிருக்கும். அந்த அலவ், நோட்டிபிகேஷன் அனுப்ப நாம குடுக்குற அனுமதி. குரோம்ல செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் போங்க. தெரியாத பேரு இருந்தா தூக்கிடுங்க. அதுல போன் நம்பர் வந்தா கூப்பிடவே கூப்பிடாதீங்க.

ராயபுரம் ப்ரோ, விண்டோஸ்லயே வர்ற டிஃபெண்டர் வீட்டுக்குத் தாராளம். அதுக்கு மேல காசு போட்டாலும், கண்டதுக்கு ஓகே குடுக்குற விரலை எந்த ஆன்டிவைரஸும் புடிக்காது.

தண்டையார்பேட்டை_டெய்லர்:
தூக்கிட்டேன் தம்பி, நின்னுடுச்சு! ஆனா பையன் இன்னொண்ணு சொல்றான். வேற ஒரு சைட்ல விண்டோஸ் பட்டனும் ஆர்-உம், அப்புறம் கண்ட்ரோல் வி, என்டர்னு அழுத்தச் சொல்லுச்சாம். அழுத்திட்டானாம். கறுப்பா ஒரு பொட்டி வந்து போச்சாம்.

மின்ட்_சர்வீஸ்:
ஐயோ, இது வேற கதை. மொதல்ல நெட் வயரப் புடுங்குங்க.

அந்த வெப் பக்கம் ஒரு கமாண்டை இவனுக்குத் தெரியாமலே காப்பி பண்ணி வெச்சிருக்கும். விண்டோஸ் பட்டனும் ஆர்-உம் அழுத்துனா ரன் பாக்ஸ் தொறக்கும், கண்ட்ரோல் வி அழுத்துனதும் அது அதுல ஒட்டிக்கும், என்டர் தட்டுனா ஓடிடும். நாமளே ஓட்டுறதால பிரவுசர் தடுக்காது. பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு, லாகின் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போற சாமான் இப்படித்தான் நெறைய எறங்குது.

மெயில், பேங்க் பாஸ்வேர்டை உங்க போன்லேர்ந்து மாத்துங்க, அந்த சிஸ்டத்துல மட்டும் வேணாம். மெயில்ல எல்லா டிவைஸையும் லாக் அவுட் குடுங்க. அக்கவுண்ட்ல காசு போயிருந்தா தாமதிக்காம சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க.

அளவு, கணக்கு ஃபைலை மட்டும் பென்டிரைவ்ல எடுத்துக்குங்க. சாஃப்ட்வேர் எதையும் எடுக்காதீங்க. அப்புறம் ஃபார்மேட்தான், இதுக்கு வேற வழி இல்ல. விண்டோஸ் 10-க்கு சாதாரண அப்டேட் 14 அக்டோபர் 2025-லயே நின்னுடுச்சு, சிஸ்டம் தாங்கும்னா 11 போடச் சொல்லுங்க. கிராக் காப்பி (திருட்டு விண்டோஸ்) வேணாம்னு கடைல கறாரா சொல்லுங்க. பையனுக்குத் தனியா ஸ்டாண்டர்டு யூசர் அக்கவுண்ட் போட்டுக் குடுங்க, அட்மின் பாஸ்வேர்டு உங்ககிட்டயே இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை_டெய்லர்:
வயரு புடுங்கியாச்சு. மெயில் மாத்திட்டேன், பேங்க் மாத்திட்டு இருக்கேன். அளவு எல்லாம் எக்செல்ல கீது, எடுக்கலாம்ல?

மின்ட்_சர்வீஸ்:
எடுக்கலாம்ணே. வேற சிஸ்டத்துல தொறக்கறதுக்கு முன்னாடி டிஃபெண்டர்ல பென்டிரைவை ஒரு ஸ்கேன் போட்டுடுங்க. எக்செல்ல "எனேபிள் கன்டென்ட்"னு மஞ்சப் பட்டை வந்தா அழுத்தாதீங்க, ஃபைலுக்குள்ள இருக்குற கமாண்டை ஓட விடுற பட்டன் அது.