கவின் தொட்டிக்குக் கடல் தண்ணீர்

குழு: தூத்துக்குடிக் குடும்பம்

சனிக்கிழமை

கவின்: ரவி மாமா, மீன் தொட்டி வந்துவிட்டது. 100 லிட்டர். க்ளவுன் மீன் ஒரு ஜோடி விடலாம் என்று இருக்கிறேன். உப்புத்தண்ணீர் எப்படிக் கலப்பது?

பெரியப்பா: உப்புக்கா பஞ்சம்? நம் உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை சென்னைக்குப் போட்டுவிடுகிறேன்.

ரவி மாமா: வேண்டாம் அண்ணாச்சி. அந்த உப்பு சாப்பாட்டுக்குச் சரி, இந்த மீனுக்கு ஆகாது. பாத்தியில் என்ன நடக்கும் என்று நீங்களே பையனுக்குச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாததா.

பெரியப்பா: கடல் தண்ணீர் அளத்துக்குள் வரும்போது மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும் கவின். இது வெப்பம் இல்லை, உப்புத்தண்ணீரின் அடர்த்தியை அளக்கிற பாமே டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட டிகிரி ஏறும். முன் பாத்திகளிலேயே ஜிப்சம் படிந்துவிடும். 25 டிகிரி வாக்கில்தான் உப்பு விளையும். உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு. அதை வெளியே திறந்துவிடுவோம்.

ரவி மாமா: அந்தக் கசப்புதான் மக்னீசியம். ஜிப்சத்தோடு கால்சியத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும் கால்சியம் 400 அளவிலும் இருக்கும். உப்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு இவை கழிந்திருக்கும். நாளைக்கு நீ நத்தையோ பவளமோ வைத்தால் ஓடு கட்ட இவை வேண்டும். மீன் கடையில் மரைன் சால்ட் என்று கேள், எல்லாம் சேர்த்த கலவையாகவே கிடைக்கும்.

பெரியப்பா: அப்படியானால் கடல் தண்ணீரையே கேனில் பிடித்து அனுப்பட்டுமா?

ரவி மாமா: கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், மழைக்காலத்தில் உப்பும் குறையும். கலவையே நல்லது.

கவின்: சரி மாமா. தண்ணீர்? வீட்டு ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 60 காட்டுகிறது.

ரவி மாமா: குடிக்கிற ஆர்ஓ மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரை வேண்டுமென்றே கலந்துவிடுவார்கள். அதில் நைட்ரேட், பாஸ்பேட் வந்தால் தொட்டி முழுக்கப் பாசி பிடிக்கும். ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்ச உப்புகளையும் பிடித்துவிடுகிற டிஐ கார்ட்ரிட்ஜ் ஒன்றை மாட்டு. மீட்டர் 0 காட்ட வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

அம்மா: அண்ணா, கலப்பதற்குப் பரணில் பெரிய பித்தளை அண்டா சும்மாதான் இருக்கிறது. எடுத்துத் தரட்டுமா?

ரவி மாமா: ஐயோ, வேண்டவே வேண்டாம் தங்கச்சி. பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புத்தண்ணீர் அதை அரித்து எடுத்துவிடும். துளி செம்பு இறங்கினாலும் இறாலும் நத்தையும் செத்துப் போகும். சோப்பு படாத புது பிளாஸ்டிக் பக்கெட் போதும், 25 லிட்டர் பிடிக்கிற மாதிரி.

கவின்: எவ்வளவு போட வேண்டும்?

ரவி மாமா: பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார். லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை இருக்கும். டம்ளர் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடு. பாக்கெட்டை முதலில் நன்றாக உருட்டிக் குலுக்கு, நுண்ணிய தூள் அடியில் தங்கியிருக்கும்.

முக்கியமாக ஒன்று. முதலில் தண்ணீர், அதற்குள் உப்பு. உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் கரைசல் கெட்டியாகிக் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அது திரும்பக் கரையாது. தண்ணீரைச் சுழற்றிவிடுகிற சின்ன பவர்ஹெட் மோட்டாரை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவு.

கவின்: 20 லிட்டருக்கு 780 கிராம் போட்டுவிட்டேன். மோர் மாதிரி கலங்கியிருக்கிறது.

ரவி மாமா: இப்போது அப்படித்தான் இருக்கும். இரவு முழுக்க மோட்டார் ஓடட்டும். இப்போதே அளக்காதே, பாதி உப்பு கரையாமல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

கவின்: தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் 37.

ரவி மாமா: மீட்டரை 35 சோதனைத் திரவம் விட்டுச் சரிபார்த்தாயா?

கவின்: பார்த்தேன், சரியாக 35 காட்டியது.

ரவி மாமா: நல்லது. நமக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு, ஒப்படர்த்திக் கணக்கில் 25 டிகிரி வெப்பத்தில் 1.026. இன்னும் ஒரு லிட்டர் வெறும் டிஐ தண்ணீர் சேர். அரைமணி நேரம் மோட்டார் ஓடட்டும், அப்புறம் பார்.

கவின்: 35 வந்துவிட்டது!

பெரியப்பா: எங்கள் கணக்கில் மூன்றரை டிகிரி. சரியான கடல்தான்.

ரவி மாமா: அவ்வளவுதான் அண்ணாச்சி. கவின், இப்படியே தொட்டி நிறையும் வரை கலந்து ஊற்று. நிறைந்ததும் மட்டத்தில் கண்ணாடியின் வெளியே டேப் ஒட்டு. தினமும் ஆவியாகிக் குறையும். அப்போது உப்புத்தண்ணீர் ஊற்றிவிடாதே. போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். வெறும் டிஐ தண்ணீரை டேப் வரை ஊற்று.

கவின்: அடுத்த ஞாயிறு கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தைக்குப் போய் மீன் வாங்கலாமா?

ரவி மாமா: மீன் வேண்டாம், கல்லும் மணலும் வாங்கு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதைத் தின்னும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அம்மோனியா ஏறி, நைட்ரைட் ஏறி, இரண்டும் 0-க்கு இறங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். டெஸ்ட் கிட் ஒன்றும் வாங்கிக்கொள். அளவுகளை இங்கேயே போடு, நான் பார்க்கிறேன்.