கேம் ஷோ மூத்தவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பழைய அமெரிக்க கேம் ஷோக்களில் யார் எந்த வருடம் என்ன வேலை பார்த்தார்கள் என்று தேடிப் பதிவு செய்பவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அவர்களோடு பேசிய அனுபவத்தைப் பகிருங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் பேசியவர் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தொகுப்பாளரைப் பற்றித்தானே கேட்கப் போகிறாய்?" என்று வீடியோ காலில் எடுத்ததுமே கேட்டார். அதற்கென்று அவரிடம் நாலைந்து கதைகள் தயாராக இருந்தன. பல பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைகள். அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "போட்டியாளர் ஒரு கட்டத்தைச் சொன்னதும் பலகைக்குப் பின்னால் என்ன நடக்கும்?" என்றேன். அப்புறம் என்னைப் பேசவே விடவில்லை.

1964-இல் தொடங்கிய ஜெப்பர்டி ஒரு வினாடி வினா நிகழ்ச்சி. போட்டியாளர் பலகையில் ஒரு கட்டத்தைச் சொன்னால் அதற்குள் இருக்கும் கேள்விக் குறிப்பு தெரியும். அந்தப் பலகையில் அன்று டிவி திரைகள் கிடையாது. குறிப்புகளை அட்டையில் அச்சடித்து, அதை மறைத்துத் தொகை எழுதிய அட்டை வைத்திருப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் அதைக் கையால் இழுக்க வேண்டும். 1984-இல் நிகழ்ச்சி தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக்கோடு மறுபடி வந்தபோதுதான் திரைகள் வந்தன. இவர் வேலை செய்தது வேறொரு நிகழ்ச்சியில், ஆனால் பலகை அதே மாதிரி. போட்டியாளரின் முகம் தெரியாது, குரலைக் கேட்ட மாத்திரத்தில் கை சரியான இடத்துக்குப் போக வேண்டும், இரண்டு பேர் அவசரத்தில் இடித்துக்கொள்வதும் உண்டு என்றார். பிறகு கூட நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றில் ஒன்றுகூட நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லை.

இருக்க வழியும் இல்லை. பல பகல்நேர நிகழ்ச்சிகளில் பணியாளர்களின் முழுப் பெயர்ப் பட்டியல் தினமும் ஓடாது. அது ஓடிய நாளின் டேப்பும் பெரும்பாலும் மிஞ்சவில்லை. இரண்டு அங்குல வீடியோ டேப் அன்று விலை அதிகம், அடுக்கி வைக்கவும் இடம் வேண்டும், அதனால் அழித்துவிட்டு அதன்மேலேயே மறுபடி பதிவு செய்தார்கள். ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய ஜெப்பர்டி 1964 முதல் 1975 வரை 2,700-க்கும் மேற்பட்ட முறை ஒளிபரப்பானது. இன்று பார்க்கக் கிடைப்பவை மிகச் சில. இப்படிப்பட்ட நிலையில் பலகைக்குப் பின்னால் நின்றவரின் ஞாபகத்தை விட்டால் வேறு ஆவணமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பிரபலங்களைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். முதலில் அவர் கையால் செய்த வேலையைக் கேளுங்கள்.

இன்னொன்று, தேதி. ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் படம்பிடிப்பது இந்தத் துறையில் சகஜம். அவர்கள் சொல்வது படப்பிடிப்பு நாள். பழைய செய்தித்தாளில் இருப்பது ஒளிபரப்பு நாள். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

* * *

கையால் செய்த வேலையைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கு நூறு சரி. நான் சந்தித்த அம்மா போட்டியாளர்களைக் கவனிக்கும் பிரிவில் இருந்தவர். 1950-களில் ட்வென்டி ஒன் போன்ற வினாடி வினா நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்தது அம்பலமானதும், அதில் ஜெயித்துப் புகழ்பெற்ற போட்டியாளர் சார்லஸ் வான் டோரன் 1959-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அதை ஒப்புக்கொண்டதும் நமக்கெல்லாம் தெரியும். 1960-இல் அப்படிச் செய்வதே குற்றம் என்று சட்டமானது. அந்தச் சட்டத்தை நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்தவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். கேள்விகளைப் பார்த்த யாரும் போட்டியாளர் பக்கம் வரக் கூடாது. போட்டியாளர் கழிப்பறைக்குப் போனாலும் கூடவே ஒருவர் போக வேண்டும். தன் ஊர்க்காரர் ஒருவர் போட்டிக்கு வந்தபோது, தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைச் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அன்றைக்கு வழியில்லையாம்.

கடைசியில் "உங்கள் பெயரை எப்படி எழுதட்டும்?" என்று கேட்டேன். முதலில் தன்னோடு வேலை செய்த பெண்களின் பெயர்களை எழுதச் சொன்னார். திருமணத்துக்குப் பிறகு சிலருக்குப் பெயர் மாறியதால் ஒரே ஆளை இரண்டு பேராக எழுதிவிடாதே என்றும் எச்சரித்தார். பட்டியல் தயாரிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

* * *

நான் பேசியது அரங்கம் வடிவமைத்தவரிடம். பில் கலனைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. பொருட்களின் விலையை ஊகிக்கும் போட்டியான பிரைஸ் இஸ் ரைட் 1956-இல் முதன்முதலில் தொடங்கியபோது அதன் தொகுப்பாளர் அவர்தான். சிறு வயதில் போலியோ வந்து கால் தாங்கித் தாங்கி நடப்பார். ஆனால் பார்வையாளர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. அவர் அதிகம் நடக்க வேண்டியிராதபடி அரங்கத்தை அமைத்தார்கள் என்று படித்திருந்தேன். அது எப்படிச் சாத்தியம் என்று கேட்டேன். கலனின் நிகழ்ச்சிகளில் இவர் வேலை செய்ததில்லை. ஆனாலும் தன்னுடைய பழைய வரைபடம் ஒன்றை விரித்து, தொகுப்பாளர் நுழையும் இடம், மேசை, கேமராக்கள் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். நுழைவாயிலை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும், அல்லது திரை விலகும்போதே அவர் இருக்கையில் இருந்தால் போதும், வீட்டில் பார்ப்பவருக்கு எதுவும் தோன்றாது என்றார். புத்தகத்தில் ஒரே வரியில் படித்தது அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி விளங்கியது.

* * *

அந்த வரைபடம் இப்போது எங்கே இருக்கிறது? அவருடைய வீட்டிலேயே இருந்தால் ஒரு பிரதியாவது எடுத்துவிடுங்கள். நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் கேம் ஷோ வரலாற்றுக்கென்றே ஒரு தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. குடும்பத்தாரிடம் அதைச் சொல்லி வையுங்கள். ஆள் போன பிறகு வீட்டைக் காலி செய்பவர்களுக்கு அது வெறும் பழைய காகிதம்தான்.