மானாவாரியில் போர் (ஆழ்குழாய்க் கிணறு) போட்டவர்கள், மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

மேட்டுக்காடு:
நானே தொடங்குகிறேன். வானம் பார்த்த நிலம். வருஷத்துக்கு ஒரு சோளம், ஊடே துவரை. போர் போட்டதும் அதே மண்ணில் மூன்று போகம் எடுத்தோம். அதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான். மூன்றாம் வருஷக் கோடையில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கிணற்றில் வாளியை இறக்கினார். கயிறு தீரப் போய் அடிப்பாறையில் வாளி தட்டிய சத்தம், வரப்பில் நின்ற எனக்கே கேட்டது. "தம்பி, ரெண்டு நாள் உன் மோட்டாரை நிறுத்திப் பார்க்கிறியா?" என்றார். நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலை அவர் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. என் மக்காச்சோளம் அப்போது கதிர் பிடிக்கும் பருவம். அன்று மதியமே மோட்டாரைப் போட்டுவிட்டேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை.

செம்மண்:
உங்கள் போர்தான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? கடினப் பாறைப் பூமியில் பாறைக்குள் தண்ணீர் கிடையாது, வெடிப்பில்தான் ஓடும். ஒரு வெடிப்புக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கும். எங்கள் முதல் போர் 600 அடி. தூளைத் தவிர ஒன்றும் வரவில்லை. துளை போடும் ராடை உருவ ஆரம்பித்ததும் என் அம்மா ஒரு வார்த்தை பேசாமல், முந்தானையில் படிந்த வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அங்கிருந்து 40 அடி தள்ளிப் போட்டதில் 210 அடியிலேயே சேறும் தண்ணீருமாகப் பீய்ச்சியது. அம்மாவைக் கூப்பிட ஓடினேன், அவர் வரவில்லை. 40 அடிக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றியதை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? மழை குறைந்த வருஷமாகக்கூட இருந்திருக்கலாம்.

பம்ப் மெக்கானிக்:
நான் சவூதியில் கோதுமைப் பண்ணைகளில் பம்ப் வேலை பார்த்தவன். நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றி நீளமான குழாய் உருண்டுகொண்டே நீர் தெளிக்கும். பாலைவனத்தில் வட்ட வட்டமாகப் பச்சை. ஆழ்குழாய்த் தண்ணீரில் முதல்முறை கை வைத்தேன், சுட்டது. அவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்பு பெய்த மழை அது, எடுத்த அளவு திரும்ப ஊறாது என்று மேஸ்திரி சொன்னார். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் ஒரு காலத்தில் கோதுமையை ஏற்றுமதியே செய்தார்கள். பிறகு 2008-ல் படிப்படியாகக் குறைப்பது என்று அரசு முடிவெடுத்து, 2016-ல் உள்நாட்டுக் கொள்முதலை நிறுத்தியது. கடைசியாக நான் கழற்றிய பம்ப் இருந்த வட்டத்தில் பாதி அறுத்த கோதுமைத் தாள், பாதி மணல். அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

சொட்டுநீர்:
என் கதை சின்னது. போர்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பீன்ஸ் போட்டேன். இலை ஓரம் கருகி, சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான் வாயில் உப்பு வெள்ளை வளையமாகப் படிந்து, செடி போய்விட்டது. அதனால் சொல்கிறேன், புதிதாகப் போர் போடுபவர்கள் முதலில் தண்ணீரின் மின்கடத்துத் திறனைப் பாருங்கள், உப்பு எவ்வளவு என்று அது காட்டிவிடும். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குச் சிக்கல். பீன்ஸ் கொஞ்ச உப்புக்கே வாடும், பருத்தியும் பார்லியும் நன்றாகத் தாங்கும்.

அப்புறம், எத்தனை ஏக்கர் என்பதைப் போர் போட்ட அன்று கொட்டுகிற தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோடையில், நாலைந்து மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு, 20 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 10 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 2 லிட்டர். தினம் 6 மணி நேரம் ஓட்டினால் 43,200 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் நீர் நிற்க ஏறக்குறைய 4,000 லிட்டர் வேண்டும். பயிர் தினம் 5 மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்தால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஆக, சொட்டுநீர் போட்டாலும் இரண்டு ஏக்கர்தான். வாய்க்காலில் பாய்ச்சினால் அதுவும் முழுசாகத் தேறாது. மிச்ச நிலம் மானாவாரியாகவே இருக்கட்டும், அதில் தப்பே இல்லை. மேட்டுக்காடு, நீங்கள் எத்தனை ஏக்கருக்குப் பாய்ச்சினீர்கள்?

மேட்டுக்காடு:
ஐந்து ஏக்கர், மூன்று போகமும். வாளி வைத்து ஒருநாளும் அளந்ததில்லை.

செம்மண், ஆறுதலாகச் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த இரண்டு நாளும் மழை இல்லை. வெடிப்புக்கு வெடிப்பு தொடர்பு இல்லாமல் இருக்கலாம்தான், எங்கள் இரண்டுக்கும் இருக்கிறது. மோட்டாரைப் போட்ட அன்று சாயங்காலம் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கி, கிணற்றுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக் கோடு மட்டும் இருந்தது. பெரியவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "கதிர் பிடிச்சிருச்சா தம்பி?" என்று கேட்டார்.