மின்வெட்டும் மொபைல் டேட்டாவும்: தமிழ் வகுப்புக் கணினிகளில் லினக்ஸ் மின்ட்டை எவ்வாறு அமைத்துக்கொள்வது?

தட்டோன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மியன்மாரின் தட்டோனில் எங்கள் கோவில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்புக்குச் சில பழைய மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும் நன்கொடையாகக் கிடைத்தன. அவற்றில் இருந்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-ஐ அந்தக் கணினிகள் ஏற்கவில்லை. ஆகவே ஒரு மடிக்கணினியில் மட்டும் விண்டோஸையும் உடன் வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் 22 என்னும் இலவச இயங்குதளத்தின் எளிய வடிவமான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை நிறுவியுள்ளோம். 4 ஜிபி நினைவகத்தில் அது நன்றாகவே ஓடுகிறது. பிள்ளைகளும் இரண்டே வகுப்புகளில் பழகிக்கொண்டார்கள்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஜெனரேட்டருக்கு மாற்றும் அந்தச் சில நொடிகளில் மேசைக் கணினிகள் அனைத்தும் அணைந்துவிடுகின்றன. மின்ட்டுடன் வரும் டைம்ஷிப்ட் என்னும் படியெடுக்கும் கருவியை இயக்கி வைத்திருப்பதால் வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் பத்திரமாக இருக்கும் என்று கருதலாமா? அடுத்து, எங்களுக்கு இணையம் என்பது கைப்பேசியின் டேட்டா மட்டுமே. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாகப் புதுப்பிப்புகளைப் பதிவிறக்கக் கட்டுப்படியாகாது. மூன்றாவதாக, முன்பிருந்த ஆசிரியர்கள் தட்டச்சு செய்து வைத்த தமிழ்ப் பாடங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. பெற்றோருக்கு அனுப்பிய பர்மிய அறிவிப்புகளோ பர்மிய எழுத்தாகவே தெரிந்தும் படிக்க முடியாதபடி சிதறிக் கிடக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

யாங்கோன் கணினிப் பணியாளர்:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். முதல் கேள்விக்கான விடையை உடனே சொல்லிவிட வேண்டும்: டைம்ஷிப்ட் உங்கள் வினாத்தாள்களைக் காப்பாற்றாது. அது இயங்குதளத்தின் கோப்புகளை மட்டுமே படியெடுக்கிறது. பயனரின் ஆவணங்கள் இருக்கும் ஹோம் கோப்புறையை இயல்பாகவே விட்டுவிடுகிறது. அப்படி அமைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. ஒரு புதுப்பிப்பு கெட்டுப்போய் நேற்றைய நிலைக்குத் திரும்பும்போது, இன்று எழுதிய கட்டுரையும் நேற்றைய நிலைக்குப் போய்விடக் கூடாது அல்லவா? ஆகவே டைம்ஷிப்ட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களுக்கு மின்ட்டிலேயே உள்ள பேக்கப் கருவியைக் கொண்டு வாரந்தோறும் ஒரு வெளி வன்தட்டில் படியெடுத்து, அந்த வன்தட்டை மண்டபத்தில் வைக்காமல் யாராவது ஒருவர் வீட்டில் வையுங்கள்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, எது தாங்கும், எது தாங்காது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. மின்ட் இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு, தான் செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்வதால், திடீரென்று அணைந்தாலும் அடுத்த தொடக்கத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். அதனால் வன்தட்டு முழுவதும் குழம்பிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நினைவகத்தில் மட்டும் இருந்து, தட்டுக்கு இன்னும் போய்ச்சேராத எழுத்தை அதனால் மீட்டுத் தர முடியாது. லினக்ஸ் வேகத்துக்காக, எழுத வேண்டியதைச் சற்று நேரம், இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 30 நொடி வரை, நினைவகத்திலேயே நிறுத்தி வைக்கும். பென் டிரைவுக்குக் கோப்பை நகலெடுத்ததும் திரையில் முடிந்ததாகத் தெரிவதை நம்பி உடனே பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்பது இதனால்தான். கோப்பு மேலாளரில் வெளியேற்றும் பொத்தானை அழுத்தி, இனி எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெரும்பாலான பென் டிரைவ்களின் கோப்பமைப்பில் நான் முன்பு சொன்ன பதிவேடு இல்லை. ஆகவே அங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஆவணம் எழுதும் மென்பொருளான லிப்ரெஆஃபிஸில் கருவிகள், விருப்பங்கள், ஏற்றல்-சேமித்தல், பொது என்று வரிசையாகச் சென்றால், தானாகவே மீட்புத் தகவலைச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருக்கும். அதை 2 நிமிடமாகக் குறையுங்கள். அதே பக்கத்தில் எப்போதும் ஒரு காப்புப்படி எடுக்கச் சொல்லும் தேர்வையும் குறியிட்டால், கோப்பு கெட்டாலும் அதற்கு முந்தைய படி கையில் இருக்கும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான நேரம், புதுப்பிப்பு நிறுவப்படும் நேரம். அதை மடிக்கணினியில் மின்கலம் நிறைந்திருக்கும்போதும், மேசைக் கணினியில் யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் சற்று நேரம் மின்னளிக்கும் கருவி) இணைத்திருக்கும்போதும் மட்டுமே செய்யுங்கள். எல்லாக் கணினிகளுக்கும் யூபிஎஸ் வாங்க வசதி இல்லையென்றால் ஒன்றே ஒன்று வாங்கி, புதுப்பிக்கும் நாளில் முறைவைத்து மாற்றிப் பயன்படுத்தலாம். நடுவில் அணைந்தே போனாலும் கலங்க வேண்டாம்: கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, கூடுதல் தேர்வுகளில் ரெகவரி (மீட்பு) முறைக்குச் சென்றால், பாதியில் நின்ற பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) சரிசெய்யும் தேர்வு அங்கே உண்டு. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் முந்தைய பதிப்பையும் அதே பட்டியலிலிருந்து தேர்ந்து தொடங்கிப் பார்க்கலாம்.

மோல்மீன் வாசகர்:

அக்கா, எழுத்துச் சிக்கலைப் பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் கண்ட இரண்டும் ஒரே நோய் போலத் தெரிந்தாலும் காரணம் வேறு. பழைய தமிழ்ப் பாடங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். அந்த எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே; எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். மின்ட்டில் அந்த எழுத்துரு இல்லாததால் போர்வை நீங்கி ஆங்கிலமாகத் தெரிகிறது. பர்மிய அறிவிப்புகள் ஸோஜி என்னும் பழைய பர்மிய எழுத்துருவில் எழுதப்பட்டவை. ஸோஜி, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடில்) பர்மியத்துக்கு ஒதுக்கிய இடங்களையே வேறு முறையில் பயன்படுத்துவதால், பர்மிய எழுத்தாகத் தெரிந்தும் வரிசை கலைந்துவிடுகிறது. நம் நாடு 2019 அக்டோபர் 1 முதல் ஒருங்குறிக்கு முறையாக மாறிவிட்டது. ஆகவே அதற்கு முந்தைய கோப்புகளில்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்கும்.

பாமினி எழுத்துருவையே தேடி நிறுவினால் உடனடியாகப் படிக்க முடியும். ஆனாலும் அதோடு நின்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. கைப்பேசியில் திறந்தால் மீண்டும் குவியல்தான். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் பல உள்ளன. மாற்றிய பின் ஒரு முறை கண்ணால் படித்துச் சரிபார்த்து, பழைய கோப்பை அழிக்காமல் தனிக் கோப்புறையில் வையுங்கள். முன்னோர் உழைத்து உருவாக்கிய பாடங்கள் நம் கணினி மாறியதால் தொலைந்துபோகக் கூடாது.

இனிமேல் எழுதுவதற்கு, ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் பொதியையும் நிறுவினால் தமிழ்99, ஃபொனெட்டிக், பழைய தட்டச்சுப் பொறி முறை ஆகியவை கிடைக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ்99-ஐயே கற்றுக்கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஃபொனெட்டிக் முறையில் பிள்ளை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி விட்டுத் தமிழைப் பார்க்கிறது. தமிழ்99-இல் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலுமாக, தமிழின் அமைப்பிலேயே விரல் பழகுகிறது. ககரத்தை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும் வசதியும் உண்டு. பர்மியத்துக்கு, விசைப்பலகைப் பட்டியலில் ஸோஜி என்று குறித்திருப்பதைத் தவிர்த்து வெறுமனே பர்மீஸ் என்றிருப்பதைச் சேருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ தொகுப்பு இரு மொழிகளுக்கும் போதும். பர்மியத்துக்குப் படாவுக் எழுத்துருவும் நன்று.

பகோ மாணவன்:

டேட்டா செலவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன், அம்மா. ஏபிடி-கேச்சர்-என்ஜி என்றொரு மென்பொருள் உண்டு. அதை ஒரு கணினியில் மட்டும் நிறுவி, மற்றவற்றைச் சாதாரண ரவுட்டர் வழியே அதனுடன் இணைத்து, பொதிகளை அதனிடமிருந்தே கேட்டுப் பெறும்படி ஒரு வரி அமைப்பை எழுதிவிட்டால், முதல் கணினி பதிவிறக்கிய பொதி அங்கே தங்கியிருந்து மற்ற கணினிகளுக்கு இணையச் செலவின்றிப் போய்ச்சேரும். எல்லாக் கணினிகளிலும் ஒரே மின்ட் பதிப்பு இருப்பதால் உங்களுக்கு இதன் முழுப் பயன் கிடைக்கும்.

இன்னொன்று: சாஃப்ட்வேர் மேனேஜரில் சில மென்பொருள்கள் மின்ட்டுக்கே உரிய கணினிப் பொதியாகவும், ஃப்ளாட்பேக் என்னும் தனித்து இயங்கும் தொகுப்பாகவும் இருவகையில் கிடைக்கும். ஃப்ளாட்பேக் புதிய பதிப்பைத் தரும் என்பது உண்மையே. ஆனால் முதல் முறை அது தனக்கு வேண்டிய அடித்தளத்தையும் சேர்த்து நூற்றுக்கணக்கான எம்பி இறக்கும்; அந்தச் சுமை மேற்சொன்ன மென்பொருளின் சேமிப்பிலும் அடங்காது. ஆகவே கணினிப் பொதியையே தேர்ந்தெடுங்கள். டேட்டா மிச்சம் என்று பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். அப்டேட் மேனேஜரில் அவை கேடயக் குறியுடன் தனியே காட்டப்படும். டேட்டா குறைவாக இருக்கும் மாதத்தில் அவற்றையும் உலாவியின் புதுப்பிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிப்போடலாம்.

தட்டோன் ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டைம்ஷிப்ட்டைப் பற்றி அறிந்தவுடன் ஆவணங்களைத் தனியே படியெடுத்துவிட்டோம். இரு இயங்குதளங்களும் உள்ள மடிக்கணினியைப் பற்றி மட்டும் ஓர் ஐயம். மின்ட்டைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் ஆறரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. மின்ட்டிலிருந்து விண்டோஸ் பகுதிக்குள் சென்றால் கோப்புகளைப் படிக்க முடிகிறதே தவிர, மாற்றிச் சேமிக்க முடியவில்லை. வன்தட்டு பழுதாகிவிட்டதோ?

யாங்கோன் கணினிப் பணியாளர்:

வன்தட்டில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை, அம்மா. மின்ட், கணினியின் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மியன்மார் நேரம் பொது நேரத்தைவிட 6 மணி 30 நிமிடம் முந்தியது என்பதால் சரியாக அந்த அளவே வித்தியாசம் வருகிறது. டைம்டேட்சிடிஎல் என்னும் கட்டளையைக் கொண்டு உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்குமாறு மின்ட்டுக்குச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் நம் நாட்டில் இல்லாததால் இதனால் இடையூறு வராது.

கோப்புகளைச் சேமிக்க முடியாததற்குக் காரணம், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி. அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் கெடலாம் என்பதால் மின்ட் படிக்க மட்டும் அனுமதிக்கிறது. விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் விரைவுத் தொடக்கத்தை நீக்கி, ஒரு முறை முறையாக அணைத்துவிட்டு மின்ட்டைத் திறந்து பாருங்கள். அதன் பிறகும் எழுத முடியவில்லையென்றால், திரையில் வரும் செய்தியை இங்கே அப்படியே எழுதுங்கள்.